நவமி இரவில் தெரிந்த சுவர்

பெரம்பூரில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியிலிருந்து எடுத்த படம் ஒன்று அப்பாவின் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதில் முழு நிலவு இல்லை. நடுவிலிருந்து சற்றுத் தெற்கே, மேகக் கடல் என்று பெயர் வைத்திருக்கும் சாம்பல் சமவெளி மட்டும் இருக்கிறது. சமவெளியின் மேல் ஊசியால் கீறியதுபோல ஒரு கறுப்புக் கோடு. அதுதான் ரூப்பெஸ் ரெக்டா, நேர்ச்சுவர். நீளம் சுமார் 110 கி.மீ. பெயர்தான் சுவர், தரையின் ஒரு பக்கம் சில நூறு மீட்டர் தாழ்ந்துபோனதால் உண்டான சரிவு அது. நிலவில் அந்த இடத்துக்குப் பொழுது விடியும்போது கிழக்கிலுள்ள மேட்டின் நிழல் மேற்கிலுள்ள தாழ்வில் விழுகிறது. நாம் பார்க்கும் கறுப்பு அந்த நிழல்.

கோட்டுக்கு மேற்கே பிர்ட் என்ற 17 கி.மீ. அகலப் பள்ளம் இருக்கிறது. அதன் விளிம்பைக் கடித்தாற்போல 7 கி.மீ. அளவுள்ள இன்னொரு பள்ளமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. படத்தில் இரண்டும் தனித்தனியாகத் தெரிகின்றன. தைப்பூசத்தன்று இதே தொலைநோக்கியிலும் இதே போனிலும் நான் எடுத்த முதல் படத்தில் ஒரு வெள்ளைத் தட்டைத் தவிர எதுவும் இல்லை. அந்தப் படத்துக்கும் இந்தப் படத்துக்கும் இடையில் மூன்றாயிரம் ரூபாய்தான் செலவானது, அதிலும் பாதிக்கு மேல் ஒரே ஒரு ஐபீஸுக்கு, அதாவது கண் வைத்துப் பார்க்கும் வில்லைக்கு. மீதி வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதை வரிசையாக எழுதிவைக்கிறேன். இதே தொகையைக் கையில் வைத்துக்கொண்டு சென்னையில் யாராவது யோசித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கு உதவும்.

கையிலிருந்தவை

தொலைநோக்கி 114 மி.மீ. கண்ணாடியும் 900 மி.மீ. குவியத் தொலைவும் கொண்ட நியூட்டன் வகை, அதாவது வில்லைக்குப் பதில் ஒரு பெரிய கண்ணாடியும் ஒரு சின்னக் கண்ணாடியும் ஒளியைத் திருப்பித் தருவது. வெளிநாடு போகிற ஒருவரிடம் 7,500 ரூபாய்க்கு வாங்கினேன். கூடவே 25 மி.மீ. ஐபீஸ், 4 மி.மீ. ஐபீஸ், படத்தை இன்னும் மூன்று மடங்கு பெரிதாக்கும் பார்லோ வில்லை, ஒரு பிளாஸ்டிக் போன் பிடிப்பான், வானம் நகரும் போக்கில் குழாயைத் திருப்ப உதவும் இலேசான நிலநடுக்கோட்டுத் தாங்கி. பிறகு 10 மி.மீ. பிளோசல் ஐபீஸ் 1,800, உலோகப் போன் பிடிப்பான் 850, போல்ட்டும் வாஷரும் மணல் பையுமாக 400. ஆக மொத்தம் 10,550 ரூபாய். போன் ஏற்கெனவே இருந்தது.

பெட்டியின் மேல் பெரிதாக 675 மடங்கு என்று அச்சிட்டிருந்தார்கள். 900-ஐ 4-ஆல் வகுத்து மூன்றால் பெருக்கினால் அந்த எண் வரும், கணக்கில் பிழையில்லை. ஆனால் கண்ணாடியின் மி.மீ. அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக்கினால் புதிதாக எதுவும் தெரியாது, மங்கல்தான் பெரிதாகும். இந்தக் கண்ணாடிக்கு அந்த எல்லை 228 மடங்கு. எங்கள் மாடியில் நான் பயன்படுத்தியது 36 மடங்கும் 90 மடங்கும் மட்டுமே. 4 மி.மீ. ஐபீஸும் பார்லோவும் இன்னும் பெட்டியிலேயே கிடக்கின்றன.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 114/1000 என்று எழுதியிருந்து குழாய் மட்டும் அரை மீட்டர்தான் இருக்கிறதென்றால், ஃபோகஸ் குழாய்க்குள் ஒரு வில்லையை ஒளித்து நீளத்தைக் கூட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த வகையில் கூர்மை கிடைப்பது கடினம், கண்ணாடிகளை நேர்ப்படுத்துவதும் பெரும்பாடு. குழாய் நீளமும் குவியத் தொலைவும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதைத் தேடுங்கள்.

தைப்பூசம்

பௌர்ணமியன்றுதான் நிலவைப் படமெடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். கிழக்கே வீடுகளுக்கு மேல் எழுந்து வரும் நிலவைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். போனை ஐபீஸில் பொருத்தி எடுத்தேன். வெறும் வெள்ளை வட்டம் வந்தது.

முதல் காரணம் எளிது. சட்டத்தில் பெரும்பகுதி கறுப்பு வானம் என்பதால் போன் அதைப் பார்த்துத் தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. நிலவின் தரையோ நண்பகல் வெயிலில் கிடக்கும் பாறை; அதற்கு இரவுக்கான அமைப்பு தேவையே இல்லை. எல்லாவற்றையும் நாமே அமைக்கும் புரோ முறைக்குப் போய், ஒளி உணர்வை (ஐஎஸ்ஓ) 50, ஷட்டரை 1/1000 விநாடி என்று வைத்ததும் வெள்ளை வடிந்து கடல்கள் வந்துவிட்டன. டைக்கோ பள்ளத்திலிருந்து கதிர்போலப் பரவும் வெள்ளைக் கோடுகளும் வந்தன.

ஆனாலும் படம் தட்டையாகவே இருந்தது. பள்ளம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பௌர்ணமியன்று சூரியன் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து நிலவுக்கு வெளிச்சம் தருகிறது. நிழல்கள் எல்லாம் அந்தந்தப் பாறைக்குப் பின்னாலேயே மறைந்துவிடுகின்றன. அரை நிலவின் ஒளி முழு நிலவில் பாதி இருக்கும் என்று தோன்றும், உண்மையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். மீதியை நிழல்கள் விழுங்கிவிடுகின்றன. எனக்கு வேண்டியதே அந்த நிழல்கள். டைக்கோவின் கதிர்களைப் பார்க்கப் பௌர்ணமியைவிட நல்ல நாள் இல்லை, மற்ற எல்லாவற்றுக்கும் அதுதான் மோசமான நாள்.

மாசி: ஆட்டம்

மாசி வளர்பிறை அஷ்டமியில் பாதி நிலவு. வெளிச்சம் சரியாக இருந்தது, பள்ளங்கள் தெரிந்தன, எல்லாமே கலங்கியிருந்தன. அப்பா வந்து குழாயை விரலால் ஒருமுறை தட்டினார். போன் திரையில் நிலவு துள்ளியது. அடங்கும்வரை ஒன்று, இரண்டு என்று எண்ணினார். ஆறு.

"இதுல ஆட்டம் இருக்கும்மா. மொதல்ல ஆட்டத்த நிறுத்து, அப்புறம் கண்ணாடியப் பாரு."

அப்பா ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருஷம் லேத்தில் நின்றவர். எதைப் பார்த்தாலும் முதலில் கையால் அசைத்துப் பார்ப்பார். மறுநாள் தாங்கியை முழுவதும் கழற்றினார். முக்காலியின் தலையில் அலுமினியத்துக்கும் போல்ட்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தது. அங்கே நைலான் வாஷர் போட்டு இறுக்கினார். கால்களை நீட்டவே கூடாது என்றார். கால் முழுக்க உள்ளே போனால் நான் குனிந்துதான் பார்க்க வேண்டும், அதனால் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். நடுவில் ஐந்து கிலோ மணல் பையைத் தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்கவிட்டோம். திரும்பத் தட்டியபோது இரண்டு எண்ணுவதற்குள் அடங்கியது.

நிலநடுக்கோட்டுத் தாங்கியைச் சென்னையில் வைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது, கையேட்டில் அது இல்லை. இந்தத் தாங்கியின் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்க வேண்டும். ஐரோப்பாவில் அது வானத்தில் பாதி உயரத்தில் நிற்கும். நமக்கு 13 பாகைதான். அச்சை அவ்வளவு படுக்கவைத்தால், குழாயைச் சமன்செய்யும் எடைக்கல் சுற்றிவரும்போது முக்காலியின் வடக்குக் காலில் இடிக்கிறது. ஒரு காலைத் தெற்கே வைத்து, மற்ற இரண்டையும் வடக்குப் பக்கம் விரித்துவிட்டால் எடைக்கல் அவற்றின் நடுவே போய்வருகிறது. மேல்பாரம் வடக்கே சாய்வதால் மணல் பை இங்கே இரட்டை வேலை செய்கிறது. துருவ நட்சத்திரம் எங்கள் மாடியில் எதிர்க் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிறது. திசைகாட்டியை வைத்தே வடக்கைப் பிடித்தோம். சென்னையில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் 2 பாகைகூட விலகல் இல்லை. நிலவுக்கு இது போதும்.

அப்படியும் அவ்வப்போது படம் நடுங்கியது. நான் மின்ரயிலைச் சந்தேகித்தேன், தண்டவாளம் அருகில்தான் இருக்கிறது. அப்பா ஒரு எவர்சில்வர் தட்டில் தண்ணீர் ஊற்றி முக்காலியின் கால் பக்கத்தில் வைத்தார். மாடிப்படி விளக்கின் பிம்பம் அதில் விழுந்தது. மூன்று ரயில்கள் போயின. பிம்பம் அசையவே இல்லை. எதிர்ப் போர்ஷன் அக்கா காயப்போட்ட துணியை எடுக்க வந்தார். அவர் வைத்த ஒவ்வொரு அடிக்கும் தண்ணீர் சிலிர்த்தது. வீடியோ ஓடும் ஒரு நிமிடம் மாடியில் யாரும் நடக்கக் கூடாது என்று அன்றிலிருந்து வழக்கமாயிற்று. நானும் போனைத் தொடாமல் மூன்று விநாடி டைமர் வைத்தேன்.

நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் ஒரு பெரிய கருங்கல் தூண் நிற்கிறது. 1792-இல் அங்கே கட்டிய மதராஸ் வானாய்வகத்தின் கருவியைத் தாங்கியிருந்த தூண் அது, எடை சுமார் 10 டன். அதில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. ஒரு சின்னக் கருவிக்கு எதற்கு அவ்வளவு பெரிய கல் என்று முன்பு எனக்குத் தோன்றியதுண்டு. அந்தத் தட்டுத் தண்ணீரைப் பார்த்த இரவில் புரிந்தது.

ஆட்டம் போன பிறகு மிச்சமிருந்தது கொதிப்பு. ஆற்றின் அடியில் கிடக்கும் கூழாங்கல்லைப் போல நிலவின் விளிம்பு நெளிந்துகொண்டே இருந்தது. இது காற்றின் வேலை. எந்தக் காற்று என்று தெரிந்தால்தான் ஏதாவது செய்ய முடியும். ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை வேண்டுமென்றே ஃபோகஸ் தவறவைத்துப் பெரிய வட்டமாக்கிப் பார்த்தேன். வட்டத்துக்குள் ஏதோ மெதுவாக மேலெழுந்து போய்க்கொண்டிருந்தது. குழாயின் வாய்க்குக் கீழே கையை நீட்டியபோது அதே உருவம் இன்னும் கனமாக ஓடியது. சூடான காற்று என்பது உறுதியானது.

பகலெல்லாம் வெயில் குடித்த தட்டோட்டுத் தளம் இரவு எட்டு மணிக்கும் கையில் சுட்டது. மேற்குக் கைப்பிடிச் சுவருக்குக் கீழே இரண்டு வீட்டு ஏசியின் வெளிப்பெட்டிகள் அனல் கக்கிக்கொண்டிருந்தன; நிலவு அந்தப் பக்கம் சாயும்போது நாங்கள் அந்த அனலுக்குள்தான் பார்த்திருக்கிறோம். தொலைநோக்கியை வடகிழக்கு மூலைக்கு மாற்றினோம். மாலை ஐந்து மணிக்கு ஆர்.ஓ. கழிவுநீரை நான்கு வாளி தளத்தில் ஊற்றினோம். எங்கள் பாட்டி காலத்தில் கோடை ராத்திரி மாடியில் படுப்பதற்கு முன்பு செய்ததுதான். ஏழரைக்குள் தளம் காய்ந்து குளிர்ந்திருந்தது. ஒன்பது மணிக்குமேல் எடுத்த வீடியோக்களுக்கும் ஏழு மணி வீடியோக்களுக்கும் வித்தியாசம் வெறும் கண்ணுக்கே தெரிந்தது. அதன் பிறகு ஒன்பதுக்கு முன்பு நான் பதிவு செய்வதே இல்லை.

நாள்காட்டித் தாள்

எந்தப் பள்ளம் எந்த நாளில் தெரியும் என்பதற்கு ஆங்கிலத்தில் அட்டவணைகள் இருக்கின்றன. அவற்றோடு நான் மல்லாடிக்கொண்டிருந்தபோது அப்பா தினசரி நாள்காட்டியின் அன்றைய தாளைக் காட்டினார். "திதி போட்டிருக்கானே, அது போதாதா?"

போதும். எனக்கே வியப்பாக இருந்தது. திதி என்பது பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியனுக்கும் சந்திரனுக்கும் உள்ள கோண இடைவெளி. 12 பாகைக்கு ஒரு திதி, 30 திதிக்கு 360 பாகை. வளர்பிறையில் அஷ்டமி என்பது 84 முதல் 96 பாகை வரை. சரி பாதி நிலவின் 90 பாகை அதன் நட்டநடுவில் விழுகிறது. நிலவில் வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டை விடியல் கோடு என்று வைத்துக்கொள்வோம். அந்த 90 பாகையில் விடியல் கோடு நிலவின் நடுவே, அதாவது பூஜ்ய தீர்க்கரேகையில், நிற்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு திதிக்கும் 12 பாகை மேற்கே நகர்கிறது. நிலவின் நடுக்கோட்டில் இது சுமார் 364 கி.மீ. எந்தப் பள்ளத்தின் தீர்க்கரேகையைக் கொடுத்தாலும் எந்தத் திதியில் அங்கே விடியும் என்று சொல்லிவிடலாம். 90-லிருந்து கிழக்கு என்றால் கழி, மேற்கு என்றால் கூட்டு, 12-ஆல் வகு.

நெருக்கடிக் கடல் கிழக்கே 59 பாகையில் இருக்கிறது; 90-லிருந்து 59 போனால் 31, பன்னிரண்டால் வகுத்தால் இரண்டு முடிந்து மூன்றாவது நடக்கிறது: திரிதியை, அதாவது மூன்றாம் பிறை. தியோஃபிலஸ் கிழக்கே 26, சஷ்டி. டாலமேயஸ், அல்ஃபான்சஸ், அர்சாகெல் மூன்றும் வடக்கு தெற்காக வரிசையில் நடுவே நிற்பதால் அஷ்டமி. பிளேட்டோ, டைக்கோ, நேர்ச்சுவர் மூன்றுக்கும் நவமி. கோப்பர்நிக்கஸ் மேற்கே 20, தசமி. கசென்டிக்கு ஏகாதசி, அரிஸ்டார்க்கஸுக்குத் துவாதசி. இந்தப் பட்டியல் எங்கள் பூஜை அறைக் கதவுக்குப் பின்னால் நாள்காட்டிக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறது.

பயன்படுத்தும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். நாள்காட்டியில் முதலில் வருவது காலையில் இருக்கும் திதி; அது எத்தனை மணி வரை என்று பார்த்து, இரவு ஒன்பது மணிக்கு எது நடக்கிறது என்பதை எடுத்துக்கொள்ள வேண்டும். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் சில மணி நேரம் வேறுபடும். தொலைநோக்கிக்குத் திருக்கணிதம்தான் ஒத்துவரும். அப்புறம், நிலவு நமக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டினாலும் இலேசாகத் தலையாட்டுகிறது. பக்கவாட்டில் இது 8 பாகை வரை போகும். அதனால் கணக்கு அரைத் திதிக்குமேல் முன்னே பின்னே ஆகலாம். பள்ளம் இருட்டில் இருந்தால் மறுநாள் வாருங்கள்.

விடியல் கோட்டுக்கு ஒட்டிய இடத்தில்தான் நிழல் நீளம். ஒரு திதி தள்ளிப்போனால் நிழல் சுருங்கிவிடும். கோடு தாண்டி மூன்று நாள் ஆன பள்ளத்தை எவ்வளவு விலையுள்ள கருவியில் பார்த்தாலும் நான் பார்த்த நேர்ச்சுவர் கிடைக்காது. என் கணக்கில், இந்த நாள்காட்டித் தாள்தான் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும்விடப் படத்துக்கு அதிகம் உழைத்தது.

ராம நவமி

நேர்ச்சுவருக்கு நவமி வேண்டும். பங்குனி வளர்பிறையில் வந்தது ராம நவமி. மேகம் இல்லை. கீழ் வீட்டிலிருந்து பானகமும் நீர்மோரும் வந்திருந்தன.

அன்று மாலையே ஒரு தப்பு செய்தேன். வெயில் தாங்கவில்லை என்று குழாயை ஏசி அறையில் வைத்திருந்தேன். ஏழு மணிக்கு மேலே கொண்டுவந்து மூடியைத் திறந்ததும் கண்ணாடி முழுக்கப் புகைபோலப் பனி படர்ந்துவிட்டது. சென்னைக் காற்றில் அவ்வளவு ஈரம். 24 பாகைக்குக் குளிர்ந்த எந்தப் பொருளை வெளியே வைத்தாலும் இப்படித்தான் வியர்க்கும். துடைக்கக் கை போயிற்று. அப்பா பிடித்துக்கொண்டார். முன்பக்க அலுமினியப் பூச்சு அவ்வளவு மெல்லியது, ஈரத்தோடு துணியை வைத்தால் கீறல் விழும், பிறகு அதற்கு மருந்தில்லை. குழாயின் வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். தெளிய நாற்பது நிமிடம் ஆனது. இப்போது தொலைநோக்கி மாடிப்படித் திருப்பத்தில், ஃபேன்கூட இல்லாத இடத்தில், துணி போர்த்தி நிற்கிறது.

காத்திருந்த நேரம் வீணாகவில்லை. பங்குனியில் சூரியன் மீனத்தில் இருக்கும், நவமிச் சந்திரன் மிதுனத்துப் புனர்பூசத்தின் பக்கம். அது வானத்தின் வடக்கு உச்சம். ஏழு மணிக்கு நிலவு ஏறக்குறைய தலைக்கு நேர்மேலே இருந்தது. உயரத்தில் இருந்தால் குறுக்கே காற்று குறைவு, அது நல்லதுதான். ஆனால் அந்த நிலையில் ஐபீஸ் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு போன் தன் எடையிலேயே மெல்ல இறங்குகிறது. பழைய பிளாஸ்டிக் பிடிப்பானை இதனால்தான் கைவிட்டேன். பத்து மணிக்கு நிலவு மேற்கே பாதி உயரத்துக்கு வந்தது. குழாயை அதன் வளையங்களுக்குள் சுழற்றி ஐபீஸ் மேல்நோக்கி இருக்கும்படி வைத்தோம். போன் பிடிப்பானில் மல்லாந்து அசையாமல் படுத்துக்கொண்டது.

கண்ணாடிகளை அன்று காலையிலேயே நேர்ப்படுத்தியிருந்தேன். பழைய ஃபிலிம் டப்பியின் மூடியில் நடுவே ஓட்டை போட்டு ஃபோகஸ் குழாயில் செருகிப் பார்த்தால், சின்னக் கண்ணாடியும் பெரிய கண்ணாடியும் ஒன்றுக்குள் ஒன்றாக ஒரே மையத்தில் தெரிய வேண்டும். எனக்கு அரை நிலாபோல ஒதுங்கித் தெரிந்தது. பின்பக்கத்து மூன்று திருகுகளில் ஒன்றைக் கால் சுற்று திருப்பியதும் மையத்துக்கு வந்தது. மாசியில் எடுத்த படங்களில் எல்லாப் பள்ளங்களும் ஒரே திசையில் இழுபட்டிருந்ததற்கு இதுதான் காரணம். நான் அதையும் காற்றின்மேல் போட்டிருந்தேன்.

ஃபோகஸைக் கண்ணால் வைத்துவிட்டுப் போனை மாட்டினால் மாறிவிடும். போனை மாட்டிய பிறகு திரையில் விடியல் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். திருகைத் தொட்டாலே படம் குதிக்கிறதே என்றபோது, அப்பா கொடியிலிருந்து ஒரு துணி கிளிப்பை எடுத்துவந்து திருகில் கவ்வவைத்தார். கிளிப்பின் நுனியை ஒரு விரலால் தள்ளினால் திருகு மயிரிழை அளவு நகர்கிறது, குழாய் அசைவதில்லை.

10 மி.மீ. ஐபீஸ், ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125, 4கே வீடியோ, விநாடிக்கு 30 ஃபிரேம். ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டியாயிற்று. போனின் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிட்டேன்; அது நிலவின் நகர்வை நடுக்கம் என்று எண்ணித் திருத்தப் பார்த்துப் படத்தைக் கூழாக்குகிறது. நிலவு தன் அகலத்தைக் கடக்க இரண்டு நிமிடம் எடுக்கும். தாங்கியின் ஒரு திருகை மட்டும் மெதுவாகச் சுற்றிக்கொண்டே ஒரு நிமிடப் பதிவுகளாக ஆறு எடுத்தேன். நாலாவது பதிவில் திடீரென்று எல்லாம் நின்றது. நெளிவே இல்லை. மூன்று விநாடி இருக்கும். திரையில் நேர்ச்சுவரின் கறுப்புக் கோடு தெரிந்தது. அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

அடுக்கியது

ஒரு நிமிடத்தில் 1,800 ஃபிரேம். பெரும்பாலானவை கலங்கல். நல்லவற்றைப் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒவ்வொன்றிலும் உள்ள இரைச்சல், அதாவது தூவியதுபோல வரும் வேண்டாத புள்ளிகள், ஒன்றையொன்று தேய்த்துக்கொள்கிறது. சிறந்த பத்து சதவீதம், அதாவது 180 எடுத்தேன். இரைச்சல் 180-இன் வர்க்கமூலம், சுமார் 13 மடங்கு, குறைகிறது. மூன்று இலவச மென்பொருள்கள் போதும். போனின் எம்பி4 கோப்பைப் பிஐபிபி மாற்றித் தருகிறது, ஆட்டோஸ்டாக்கர்ட் பொறுக்கி அடுக்குகிறது, ரெஜிஸ்டாக்ஸ் கூர்மையாக்குகிறது. பத்து வருஷப் பழைய விண்டோஸ் மடிக்கணினியில் எல்லாம் ஓடின, பொறுமைதான் வேண்டும்.

கூர்மையாக்கும் கட்டைகளை நகர்த்தும்போது கை கட்டுப்பட வேண்டும். கொஞ்சம் கூடினால் பள்ளங்களுக்கு இரட்டை விளிம்பு வருகிறது, இல்லாத வெடிப்பெல்லாம் தோன்றுகிறது. படத்தில் உள்ளது நிலவில் உள்ளதா என்று தெரிந்துகொள்ள ஒரு விதி வைத்தோம். நாலாவது பதிவையும் ஐந்தாவது பதிவையும் தனித்தனியாக அடுக்கி, இரண்டிலும் இருப்பதை மட்டும் ஏற்றுக்கொள்வது. பிறகு வர்ச்சுவல் மூன் அட்லஸ் என்ற இலவச வரைபடத்தோடு ஒப்பிடுவது. சில போன்கள் நிலவை அடையாளம் கண்டுகொண்டால் தாமாகவே விவரங்களைத் தீட்டிவிடுகின்றன. நான் காட்சி மேம்படுத்தலை அணைத்துவிட்டு வீடியோவிலேயே எடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நியூட்டன் தொலைநோக்கி படத்தைத் தலைகீழாகத் தரும். 180 பாகை சுழற்றினால் சரி. இடவல மாற்றம் செய்யக் கூடாது, செய்தால் எந்த வரைபடத்தோடும் பொருந்தாது.

அளவும் எடுத்தோம். நிலவின் விட்டம் 3,474 கி.மீ. எங்கள் 4கே சட்டத்தில் 25 மி.மீ. ஐபீஸில் அது 990 பிக்சல், ஒரு பிக்சலுக்கு 3.5 கி.மீ. 10 மி.மீ. ஐபீஸில் 2,500 பிக்சல், ஒரு பிக்சலுக்கு 1.4 கி.மீ. 114 மி.மீ. கண்ணாடி கோட்பாட்டளவில் பிரித்துக்காட்டக்கூடியது நிலவில் ஏறக்குறைய 1.9 கி.மீ. ஆகவே 10 மி.மீ. ஐபீஸுக்கு அப்பால் செலவு செய்வதில் எங்களுக்குப் பயனில்லை. பிர்ட்டின் விளிம்பில் உள்ள 7 கி.மீ. பள்ளம் இரண்டு அடுக்கிலும் இருக்கிறது. பிளேட்டோவின் வழவழப்பான தரையில் இருக்கும் இரண்டு, மூன்று கி.மீ. குழிகள் ஒன்றிலும் வரவில்லை.

சித்திரைத் தசமியில் கோப்பர்நிக்கஸ் கிடைத்தது. 93 கி.மீ. அகலம், படிப்படியாக இறங்கும் உட்சுவர், நடுவே மலைகள். அழகில் நேர்ச்சுவரைவிட ஒரு படி மேல் என்றுதான் சொல்வேன். ஆனால் அதில் எழுதப் புதிதாக ஒன்றுமில்லை. செய்ததையே திரும்பச் செய்தோம், வந்தது.

பையனின் கேள்வி

எதிர்ப் போர்ஷன் பையன் ஆறாவது படிக்கிறான். படத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல நம்ம விக்ரம் எங்க?" என்றான். சந்திரயான்-3-இல் போய் நிலவில் இறங்கிய விக்ரம் லேண்டரின் அகலம் சுமார் இரண்டு மீட்டர், நம்முடைய கண்ணாடிக்குத் தெரிவது இரண்டு கிலோமீட்டர் என்று சொன்னேன். முகம் விழுந்துவிட்டது. இடத்தையாவது காட்டலாம் என்று அப்பா சொன்னார்.

சந்திரயான்-3 இறங்கியது 2023 ஆகஸ்ட் 23 மாலை. தெற்கே 69 பாகை, கிழக்கே 32. பையனையே கணக்குப் போடச் சொன்னோம். 90-லிருந்து 32 போனால் 58, பன்னிரண்டால் வகுத்தால் நாலு முடிந்து ஐந்தாவது நடக்கிறது: பஞ்சமி. பஞ்சமியில் அங்கே விடியும். "அப்போ இறங்கின அன்னிக்கு என்ன திதி தாத்தா?" அப்பா பழைய பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தார். வளர்பிறை சப்தமி. லேண்டர் சூரிய ஒளியில் ஓடுவது. அங்கே விடிந்ததையொட்டி இறக்கினால்தான் ஒரு நிலவுப் பகல், நம் கணக்கில் ஏறக்குறைய 14 நாள், முழுதாகக் கிடைக்கும். பையன் அதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டான்.

வைகாசி சப்தமிக்கு மேலே போனோம். பஞ்சமியில் நிழல் அளவுக்கு அதிகமாக மூடியிருந்தது. தென் விளிம்புக்குப் பக்கத்தில் பள்ளங்கள் எல்லாம் சாய்த்துப் பிடித்த தட்டுபோல நசுங்கித் தெரிகின்றன. மான்சினஸ் என்ற 98 கி.மீ. பள்ளத்தைக் கண்டுபிடிக்கவே அரை மணி ஆனது. பத்தரை மணிப் பதிவு நன்றாக இருந்தது. மறுநாள் அடுக்கி அச்செடுத்துக் கொடுத்தோம். பையன் மான்சினஸின் தென்கிழக்கு விளிம்புக்குச் சற்று வெளியே பென்சிலால் ஒரு புள்ளி வைத்தான். புள்ளி பெரிதாகிவிட்டதென்று அழித்துவிட்டு, பென்சிலைச் சீவிக்கொண்டு வந்து இன்னும் சின்னதாக வைத்தான்.